லைன்ல இருங்க இருளம்மாக்கா

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மதுரையிலிருந்து வரும் ஒரு வார இதழின் உதவி ஆசிரியர் போனில் கேட்டார்.

"மேடம், நீங்க சிவகாசிப் பக்கம் ஒரு சமுதாய வானொலியில இருந்தீங்களாமே. அந்த ஞாயித்துக்கிழமைப் பேச்சு நிகழ்ச்சிகளோட பொற்காலத்தப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்களேன். கொஞ்சம் ஏக்கமா இருந்தா நல்லா இருக்கும்."

சரி என்றேன். உட்கார்ந்து எழுதினேன்:

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவெல்லாம் கறிக்குழம்பு வாசனை. வீட்டுக்கு வீடு ஒரே குரல். அது ஒரு பொற்—

அங்கேயே நிறுத்திவிட்டேன். கறிக்குழம்பு உண்மை. குரலும் உண்மை. ஆனால் 'பொற்காலம்' என்று எழுதிவிட்டால், தானாக மூப்படைந்து செத்துப்போன ஒன்றுக்கு மாலை போட்டது போல ஆகிவிடும். எங்கள் நிகழ்ச்சி அப்படிச் சாகவில்லை. அதன் வாயைப் பொத்தினார்கள். செத்ததற்கு அழலாம். பொத்திய கையைக் கடிக்கத்தான் செய்ய வேண்டும்.

உதவி ஆசிரியருக்கு ஏக்கம் வேண்டுமென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கதை எழுதப் போகிறேன்.

2

என் பெயர் யோகலட்சுமி. அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்தேன். முருகனின் வேலில் ஒளி அடிப்பது, ரோஜாப்பூவில் பனித்துளி வைப்பது எல்லாம் என் கைங்கரியம். ஞாயிறு காலையில் மட்டும் வானொலிக்குப் போவேன். நேயர்களின் அழைப்பை எடுத்து, பெயர் கேட்டு, உள்ளே இணைத்துவிடும் வேலை. சம்பளம் கிடையாது. டீயும் உளுந்தவடையும் உண்டு.

வானொலி ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். கல்யாண மண்டபத்து மாடியில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு கண்ணாடி. முகூர்த்த நாளில் கீழேயிருந்து மேளச் சத்தம் கசிந்து மைக்கில் ஏறும். கெட்டிமேளம் கேட்டதும் நேசகுமார் சார், "கீழ ஒரு தாலி ஏறிருச்சு நேயர்களே, எல்லாரும் ஒரு தடவ வாழ்த்திருவோம்" என்பார்.

அவர்தான் நிகழ்ச்சியை நடத்துபவர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். ஞாயிறு காலையில் ஆலயத்தில் இருக்க வேண்டியவர் மைக் முன்னால் இருக்கிறாரே என்று போதகர் குறைப்பட்டபோது, "விடியக்காலை ஆராதனைக்கு வந்துட்டுத்தானய்யா போறேன். அங்கன நான் கேக்குறேன், இங்கன சனங்க பேசுது" என்றாராம்.

நிகழ்ச்சியின் பெயர் 'வாங்க பேசுவோம்'. தலைப்புகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெயிலுக்குக் குடை பிடிக்கும் ஆம்பளையைப் பார்த்தால் ஏன் சிரிப்பு வருகிறது? கடைசித் தோசை யாருக்கு? துட்டி கேட்கப் போன இழவு வீட்டிலிருந்து எப்போது எழுந்து வரலாம்? இந்தக் கடைசித் தலைப்புக்கு வந்த கூட்டத்தில் போன் சூடாகிவிட்டது.

தவறாமல் கூப்பிடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாத்தூர் அய்யாதுரை, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் நாரணாபுரம் இருளம்மாள், பட்டாசுக் கம்பெனியில் திரி ஏற்றுகிறவர். இவர் கிழக்கு என்றால் அவர் மேற்கு. ஊரே இவர்கள் சண்டைக்காகத்தான் வானொலியைத் திருப்பும்.

"எண்ணெயில பொரிச்ச புரோட்டாவ மறுநாள் சால்னாவுல ஊறப்போட்டுத் தின்னு பாருங்க சாரு. சுடச்சுடத் திங்கிறவுகளுக்கு நாக்கே கெடையாது" என்பார் இருளம்மாள்.

"அந்தம்மாவுக்கு ஊசிப்போனதுதான் ருசி போல" என்பார் அய்யாதுரை.

"சாத்தூர்க்காரரே, வெள்ளரிப்பிஞ்சு விக்கிற ஊருல இருந்துக்கிட்டு புரோட்டாவுக்குப் பஞ்சாயத்துப் பண்ணாதீக."

[அடிக்குறிப்பு போல ஒன்று: இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. இந்த இடத்தில் ஒரு காதலை நுழைக்கச் சொல்லி என் தோழி ஒருத்தி யோசனை சொன்னாள். அய்யாதுரை பேசும்போது அவர் மனைவி பின்னால் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்குக் கேட்கும். அதனால் நுழைக்கவில்லை.]

3

இருளம்மாளை எப்படி எழுதுவது என்பதில் மூன்று நாள் போய்விட்டது. முதலில் எழுதியது இது:

வெடிமருந்துப் புகையில் மங்கிய கண்கள். வெந்து காய்த்த விரல்கள். வாழ்க்கை அவர் முகத்தில்—

இதை அடித்துவிட்டேன். முதலாவது, அந்த நாட்களில் நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. குரல்தான் தெரியும். போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குச் சொல்வது போலப் பேசுவார். இரண்டாவது, பட்டாசுக் கம்பெனிப் பெண் என்றதும் பேனா தானாகப் பரிதாபத்தின் பக்கம் சாய்கிறது. இருளம்மாளிடம் பரிதாபமே கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் கருத்து.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிவகாசி என்ற சொல்லைப் பார்த்த நிமிடத்திலிருந்து நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. ஓர் உடல்கூடக் கருகாது. அது இல்லாமல் எங்கள் ஊரைப் பற்றிப் படிக்க முடியாது என்பவர்கள் இந்தப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

4

தீபாவளிக்கு முந்திய சீசன். ஞாயிற்றுக்கிழமை பட்டாசுக் கம்பெனிகளுக்கு விடுமுறை என்றாலும், ஆர்டர் குவிந்துவிட்டால் சில இடங்களில் கேட்டை வெளியே சாத்திவிட்டு உள்ளே வேலை நடக்கும். அன்று இருளம்மாளுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகள் அருணாதேவி மட்டும் போயிருந்தாள். மகன் சிவபாண்டிக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் மறந்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டைக் கொடுக்க இருளம்மாள் கம்பெனி வாசலுக்குப் போயிருக்கிறார்.

எங்கள் நிகழ்ச்சியில் அன்றைக்கும் புரோட்டாதான் ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"வணக்கம், வாங்க பேசுவோம். யாரு பேசுறீக?"

"யோகம்மா, என்னைய உடனே உள்ள விடு."

"லைன்ல இருங்க இருளம்மாக்கா. அய்யாதுரை அண்ணாச்சி பேசிக்கிட்டு இருக்காக."

"அவரத் தூக்கி வெளிய போடு தாயி."

அவர் குரலுக்குப் பின்னால் இடி இடித்தது. சற்றுப் பொறுத்து அதே இடி எங்கள் ஜன்னலிலும் கேட்டது. நான் அய்யாதுரையைத் துண்டித்து இவரை இணைத்தேன்.

"சாரு, இன்னைக்குப் புரோட்டா வேண்டாம்" என்று தொடங்கினார். "விசுவநத்தம் ரோட்டுல ஒரு கம்பெனி. பேரு சொல்ல மாட்டேன். கேட்டச் சாத்திக்கிட்டு உள்ள வேலை நடக்கு. நாலு பேரு உக்கார வேண்டிய ரூம்புல பத்துப் பதினஞ்சு பேர அடைச்சு வச்சிருக்காக. மருந்த வேப்பமரத்தடியில காயப்போட்டிருக்காக. வானம் கருத்துக்கிட்டு மின்னல் வெட்டுது. போர்மேன்கிட்டச் சொன்னா, காய்ச்சல்ல உளறாத, வீட்டுக்குப் போன்னு வெரட்டுதாரு. எம் மருமக உள்ள இருக்கா சாரு."

இந்த இடத்தில் நேசகுமார் சாரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் பயந்தார் என்று எழுதலாமா? கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை, அழைப்பைத் துண்டிக்கும் பொத்தான் வரை போனது. பிறகு மேசையில் படுத்துக்கொண்டது. பயந்தார். பயந்துகொண்டே கேட்டார்.

"மின்னல் கிட்டத்துலயா இருக்கு இருளம்மா?"

"கண்ணுக்குள்ள வெட்டுது சாரு."

"யாரக் கூப்பிடணுமோ கூப்பிடுங்க. மைக் உங்களுக்குத்தான்."

அதன் பிறகு இருளம்மாள் பேசியது பேச்சு இல்லை. கூப்பாடு.

"ஏ அருணா! மாமியா கூப்புடுதேன், வெளிய வாடி! ஏ ரோஷினி! ஏ கனகமணி! அவுகளுக்குக் கேக்காது, போனையெல்லாம் கேட்டுலயே வாங்கி வச்சுக்கிடுவாக. வீட்டுல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கீகல்ல, நீங்க போங்க. கறிய அடுப்புல இருந்து எறக்கி வச்சுட்டுப் போங்க. கேட்டுல நின்னு உங்க ஆளுக பேரச் சொல்லிக் கூப்புடுங்க. ஏலே சிவபாண்டி, ஓம் பொண்டாட்டி உள்ள இருக்காலே!"

நான் அங்கே இல்லை. பிறகு பலர் சொன்னதை வைத்து எழுதுகிறேன். விஸ்வநத்தத்தில் வீட்டுக்கு வீடு ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் கையில் கரண்டி. இன்னொருவர் முகத்தில் பாதி மழித்த சோப்பு நுரை. கேட்டுக்கு வெளியே நின்று ஆளாளுக்கு ஒரு பெயரைக் கத்தினார்கள். வாட்ச்மேன் கூண்டிலும் எங்கள் வானொலிதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டைத் திறந்துவிட்டார். பெயரைக் கேட்டவர்கள் என்னவோ ஏதோவென்று எழுந்து வந்தார்கள். ஒரு ரூம் காலியானதும் அடுத்த ரூம். போர்மேன் கத்தக் கத்த எல்லோரும் வெளியே வந்து ரோட்டில் நின்றார்கள்.

அப்போது வானத்தைப் பிளந்துகொண்டு ஒரு மின்னல் நேராக அந்த வேப்பமரத்—

(இல்லை. இதை எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.)

மழை பெய்தது. நல்ல மழை. மரத்தடியில் கிடந்த மருந்து முழுக்க நனைந்து வீணானது. எல்லோரும் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள். நடந்தது அவ்வளவுதான்.

5

வெடித்திருந்தால் இருளம்மாள் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். மாலை போட்டிருப்பார்கள். வெடிக்காததால் அவர் பொய்க்காரி ஆனார்.

திங்கட்கிழமை, வெளியே வந்தவர்களைக் கம்பெனி உள்ளே விடவில்லை. செவ்வாய்க்கிழமை அறக்கட்டளைத் தலைவர் என்னையும் நேசகுமார் சாரையும் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"சமுதாய வானொலியில செய்தி சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார்" என்றார் நேசகுமார். "ஆனா அந்தம்மா செய்தி சொல்லல. மருமகளக் கூப்பிட்டாக."

"கம்பெனிக்காரங்க மானநஷ்ட வழக்குன்னு நிக்கிறாங்க."

"கம்பெனி பேரே சொல்லலியே சார்" என்றேன் நான்.

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே."

"பேரு சொல்லாமலே எப்படி சார் எல்லாருக்கும் தெரிஞ்சது?"

தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் மோர் புளித்துவிட்டது. அடுத்த ஞாயிறு இருளம்மாள் நேரில் வந்து, நேரலையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் நிகழ்ச்சி கிடையாது. அதுதான் முடிவு.

நேசகுமார் சார் அன்று மாலையே நாரணாபுரம் போனார். நானும் போயிருக்கலாம். காலண்டர் ஆர்டர் தலைக்கு மேல் இருந்ததால் போகவில்லை. அவர் வாசலில் நின்றபடியே, "நீங்க வர வேண்டாம் இருளம்மா. நிகழ்ச்சி போனாப் போகட்டும்" என்றாராம். இருளம்மாள் கேட்கவில்லை.

"வாரேன் சாரு. எம்புட்டு நாளா அந்த ரூம்பப் பாக்கணும்னு ஆசை."

6

ஞாயிறு வந்தது. இருளம்மாளும் வந்தார். அரக்குச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். அந்தக் குரலுக்கு நான் மனதில் வைத்திருந்த உடம்பு பெரியது. வந்தவர் என் தோளுக்குத்தான் இருந்தார். ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்த்தார். மைக்கின் பஞ்சைத் தொட்டு அமுக்கினார்.

"இத்துனூண்டு ரூம்புக்குள்ளயா நாம இம்புட்டுப் பேரும் இருந்தோம்?" என்றார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் நாற்காலிக்குப் பக்கத்தில் தலைவர் உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு வாசகம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். நாரணாபுரம் இருளம்மா பேசுதேன்" என்றார். "ஒரு பேப்பரு குடுத்திருக்காக. போன வாரம் தப்பான தகவல் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு எழுதியிருக்கு. சரி. நான் சொன்னது தப்புன்னு யாரு சொல்லணும்? உள்ள இருந்தவுகதான சொல்லணும். அன்னைக்கு வெளிய வந்தவுக போன் பண்ணுங்க. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் மன்னிப்புக் கேக்கேன்."

போன் அடிக்கவில்லை.

வானொலியில் அமைதியைவிடப் பெரிய குற்றம் இல்லை. சற்று இடைவெளி விழுந்தாலே பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவோம். அன்று நேசகுமார் சார் எதையும் போடவில்லை. வீடுகளில், டீக்கடைகளில், பைக்கில் போகிறவர்களின் காதுகளில் அந்த அமைதி ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருளம்மாள் கனகாம்பரத்தைச் சரி செய்துகொண்டார்.

போன் அடித்தது. ஒரு பெண். பெயர் சொல்லமாட்டேன் என்றாள். இணைத்தேன்.

"ஏ இருளம்மா, நீ நல்லா இருப்பியா? ஓம் பேச்சக் கேட்டு வெளிய வந்தேன். இப்ப உள்ள விட மாட்டேங்காக. சீசன் நேரத்துல அடுப்பு எரிய வேண்டாமா? நீ வந்து சோறு போடுவியா?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போட முடியாது தாயி. எனக்கும் வேலை போச்சு" என்றார் இருளம்மாள். "நீ திட்டு. என்னையத் திட்டுறதுக்கு உசுரோட இருக்கேல்ல. திட்டு, கேக்கேன்."

"திட்டத்தான் செய்வேன். மருந்து மரத்தடியில கெடந்தது எனக்குத் தெரியாதா? தெனமும்தான் கெடக்கு. அத ஊருக்கே சொல்ல நீ யாரு?"

அவள் வைத்ததும் அடுத்த போன். அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

"ரூம்புல பதினஞ்சு பேருன்னு சொன்னீகளே, எங்க ரூம்புல பன்னெண்டு பேருதான். இல்லாததச் சொன்னா கோவம் வராதா?"

"எங்க ஆளுக்கு ஞாயித்துக்கிழமைக்கு ரெட்டைச் சம்பளம். அதுல மண்ணப் போட்டுட்டீகளே அக்கா."

"இடி இடிச்சா வேலைய நிறுத்தணும்னு எங்களுக்குத் தெரியும். போர்மேன் விடலன்னா நாங்க என்ன செய்ய?"

ஒருவர்கூட இருளம்மாளைப் பாராட்டவில்லை. எல்லோரும் திட்டினார்கள். திட்டத் திட்ட, அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை என்று ஊர் முழுக்க ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. அது தலைவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைசியாக அய்யாதுரை வந்தார். "நான் ரயில்வேயில கேட் கீப்பரா இருந்தவன். ரயில் வந்து மோதட்டும், அப்புறம் கேட்டச் சாத்துவோம்னு இருந்தா அதுக்கு எதுக்குய்யா கேட்டு? அந்தம்மா செஞ்சது சரி. புரோட்டா விசயத்துல மட்டும் தப்பு."

"வையும்யா போன" என்றார் இருளம்மாள். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

தலைவர் எழுந்து கண்ணாடியைத் தட்டினார். கழுத்தறுப்பது போலக் கையைக் காட்டினார். நேசகுமார் சார் அதைப் பார்த்தார். நாற்காலியைச் சுழற்றி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "அடுத்த நேயர் யாரு?" என்றார். நான் அடுத்த நேயரை இணைத்தேன். நிகழ்ச்சி நேரம் முடியும் வரை இணைத்துக்கொண்டே இருந்தேன்.

7

மறுவாரம் அதே நேரத்தில் சினிமாப் பாட்டு ஓடியது. இன்றும் அதேதான் ஓடுகிறது.

அதிகாரிகள் வந்தார்கள். சில ரூம்களுக்குச் சீல் வைத்தார்கள். பிறகு எடுத்தார்கள். வெளியே வந்தவர்களில் பாதிப் பேரைச் சீசன் நெருக்கடியில் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. இருளம்மாளையும் அருணாதேவியையும் யாரும் கூப்பிடவில்லை. வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. வேலை போன கோபத்தில் அருணாதேவி அடுத்த பொங்கல் வரை மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேசகுமார் சார் இன்னும் அதே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார். மைக் பக்கம் அவரை யாரும் விடவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: பின்னொரு நாள் அந்தக் கம்பெனியில் நிஜமாகவே விபத்து நடக்கிறது. இருளம்மாள் சொன்னது சரி என்று ஊர் உணர்கிறது. இதை எழுத எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒருத்தி சொன்னது உண்மை என்று காட்டப் பத்துப் பேரைக் கொல்லச் சொல்கிறதா இலக்கணம்?

இரண்டு: மாவட்ட ஆட்சியர் கையால் சால்வை. நடக்கவில்லை. நடந்த மாதிரி எழுதினால் இருளம்மாளே என்னை உதைப்பார்.

மூன்று: நாங்கள் எல்லோரும் ஒரு பழைய வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கண் கலங்குகிறோம். உதவி ஆசிரியருக்குப் பிடித்தது இதுதான். போனிலேயே, "சூப்பர் மேடம்" என்றார். அதற்காகவே வைக்கவில்லை.

8

போன வாரம் நாரணாபுரம் போய் இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். இருளம்மாள் இப்போது காலண்டர் பைண்டிங்கில் தகரப் பட்டி அடிக்கிறார். அருணாதேவியும் அங்கேயேதான். இரண்டு பேரும் ஞாயிறு விடுமுறையில் வீட்டில் இருந்தார்கள்.

இருளம்மாள் இரண்டு குறை சொன்னார். அன்று தலையில் வைத்திருந்தது பிச்சிப்பூ, கனகாம்பரம் இல்லை. அய்யாதுரைக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்க வேண்டாம். இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். எனக்குக் கனகாம்பரம்தான் ஞாபகம்.

அருணாதேவி சொன்ன குறைதான் பெரியது.

"நான் ஒண்ணும் அத்தை கூப்புட்டு வெளிய வரல. மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு, வீட்டுக் கொடியில துணி காயுதேன்னு அதுக்கு முன்னாலயே எந்திரிச்சுட்டேன்."

"பொய் சொல்லுதா" என்றார் இருளம்மாள்.

"நீங்கதான் பொய் சொல்லுதீக. வருசம் பூரா இதையே சொல்லிச் சொல்லி நீங்களே நம்பிட்டீக."

யார் சொல்வதை எழுதுவது என்று தெரியாமல் நான் விழித்தேன். இருளம்மாள் என் கையிலிருந்த தாள்களை எட்டிப் பார்த்தார்.

"முடிவு வச்சுட்டியா?"

"இன்னும் வைக்கலக்கா."

"வைக்காத. நீ முடிச்சுட்டா அடுத்த ஆளு எப்படிப் பேசும்?"

அதற்குள் அருணாதேவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எழுதுங்க யோகாக்கா. உள்ள இருந்தவ நான். இவுக வெளிய நின்ன ஆளு. அந்த ரூம்புக்குள்ள என்ன நடந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்டக் கேக்கல. நான் சொல்லுதேன்."

இருளம்மாள் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஆச்சரியம், வாயை மூடிக்கொண்டார்.

அருணாதேவி பேசத் தொடங்கிவிட்டாள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். அவள் முடித்ததும் உங்கள் முறை. திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, பேசுங்கள்.